எர்மெஸின் எட்டாத ஸ்வரம்

தலை போனாலும் சரி, இந்த வருஷம் அந்த டிராகனைக் கொன்றே தீருவது என்று எர்மெஸ் முடிவு கட்டினான்.

நிஜ டிராகன் இல்லை. பாட்டில் வருகிற டிராகன். தல்யாமென்தோ ஆற்றுக்கு அடியில் ஆயிரம் வருஷமாகத் தூங்கிக்கொண்டிருக்கும் அதை, பதினோரு பாட்டில் எழுப்பி, சண்டை போட்டு, பதினோராவது பாட்டின் கடைசியில் வாளால் குத்திச் சாய்க்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய எர்மெஸ் தயார். குழு தயார். ஜெர்மனியில் ஒரு சின்ன கம்பெனி ஆல்பத்தை வெளியிடவும் தயார். ஆனால் ஆற்றங்கரைக்குப் போகிற வழியில் நீவெஸ் நின்றுகொண்டிருந்தாள்.

நீவெஸ் அவன் மனைவி. இருபத்திரண்டு வருஷத்து மனைவி. மழலைப் பள்ளியில் டீச்சர். அறுபது குழந்தைகளை ஒரு புருவத்தால் உட்கார வைப்பாள், இன்னொரு புருவத்தால் எழுப்புவாள். கணவனுக்கு ஒரு புருவமே அதிகம்.

ஜெமோனா என்ற சின்ன ஊரில் எர்மெஸுக்குக் குளியலறைச் சாமான் கடையில் வேலை. குழாய் விற்பான், தொட்டி விற்பான், கண்ணாடிக் கூண்டு வைத்த ஷவர் விற்பான். அது பிழைப்பு. பிறவியில் அவன் பவர் மெட்டல் பாடகன். 'ரோக்கா தொனாந்தே' குழுவின் தொண்டை அவன்தான். இடிமுழங்கும் கோட்டை என்று அர்த்தம். அந்தக் கோட்டை ஒரே ஒரு ஆல்பம் முழங்கிவிட்டு இருபது வருஷமாகப் பூட்டிக் கிடந்தது.

பவர் மெட்டல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக எர்மெஸ் ஒரு விளக்கம் வைத்திருந்தான். நூறு குதிரை ஒரே நேரத்தில் ஓடுகிற மாதிரி டிரம்ஸ். அந்தக் குதிரைகளின் வாலில் தீப்பிடித்த மாதிரி இரண்டு கிட்டார். தீயை அணைக்க ஓடிவருகிற நாற்பது வயலின் மாதிரி ஒரு கீபோர்டு. இத்தனைக்கும் மேலே, ஆண்பிள்ளைக் குரல் போகக் கூடாத உயரத்தில் ஓர் ஆண்பிள்ளைக் குரல். பாட்டில் வாள் இருக்கும், மின்னல் இருக்கும், ராஜாவுக்குத் துரோகம் செய்த மந்திரி கட்டாயம் இருப்பான். கடைசிப் பல்லவியில் எல்லோரும் சேர்ந்து அரைக் கட்டை ஏறுவார்கள். ஏன் ஏறுகிறார்கள் என்று கேட்கக் கூடாது. ஏறுவார்கள்.

எதிர்வீட்டு வாண்டாவின் விளக்கம் இன்னும் சுருக்கம். "இரும்புக் கடைக்குள்ள ஒரு பூனையை விட்டுக் கதவைச் சாத்தினா என்ன கேக்குமோ, அது."

இந்த வாண்டாவால்தான் வினை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எர்மெஸ் குளியலறையில் நின்று உச்ச ஸ்தாயியைப் பிடித்துக்கொண்டிருந்தான். சுருதி ஏற ஏறக் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணைத் திறந்தபோது, வாண்டா கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு மாடிப்படியில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். "நோயாளி எங்கே?" என்றார்கள். நீவெஸ் துண்டு கட்டிய கணவனைக் கையால் காட்டினாள்.

அன்று சாயங்காலம் சட்டம் போட்டாள்.

"எர்மெஸ், இந்த வீட்டுல இனிமே நான் இருக்கணும், இல்ல அந்த உச்சஸ்தாயி இருக்கணும்."

எர்மெஸ் யோசித்தான்.

"யோசிக்கிறியா?"

"இல்ல இல்ல! நீதான். நீதான் இருக்கணும்."

"சத்தியம் பண்ணு."

பண்ணினான். அதோடு கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். இந்த ஜனவரியில் ஃபுல்வியோ போன் பண்ணும்வரை.

ஃபுல்வியோ குழுவின் கிட்டார்க்காரன். பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவான். தன் அப்பாவின் மாட்டுக் கொட்டகையில் மாடுகளை விற்றுவிட்டு, சுவர் நெடுக வைக்கோல் கட்டுகளை அடுக்கி, ரெக்கார்டிங் அறை ஆக்கி வைத்திருந்தான். வைக்கோலுக்கு எதிரொலியை விழுங்குகிற குணம் உண்டு. டிரம்ஸ் அடிப்பது பல் டாக்டர் லோரிஸ். பகலெல்லாம் பல்லைக் குடைந்துவிட்டு, சாயங்காலம் இரண்டு காலாலும் பெடலை மிதிப்பான்.

"எர்மெஸ், ஜெர்மன்காரன் சரின்னுட்டான்! ஜூன்ல ஆல்பம். செவ்வாய், வெள்ளி ஒத்திகை. வரியா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டான். எப்படி வருவது என்று பிறகுதான் யோசித்தான். ராத்திரி சாப்பாட்டில் பொலென்தா களியைக் கிண்டியபடியே யோசித்தான். யோசித்து யோசித்து, இதுவரை ஜெமோனாவில் எந்தக் கணவனும் சொல்லாத ஒரு பொய்யைக் கண்டுபிடித்தான்.

"நீவெஸ், நான் கோவில் பாடகர் குழுவுல சேரலாம்னு இருக்கேன்."

நீவெஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீயா?"

"நான்தான்."

"கடைசியா நீ கோவிலுக்குப் போனது நம்ம கல்யாணத்துக்கு."

"அதான் இவ்வளவு நாளா மனசு உறுத்துது. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பயிற்சி."

குறுக்கு விசாரணைக்குத் தயாராகப் பன்னிரண்டு பதில் வைத்திருந்தான். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. நீவெஸ் அவன் தட்டில் இன்னொரு கரண்டி களி வைத்தாள். பிறகு, "நல்ல காரியம். போயிட்டு வா" என்றாள்.

எர்மெஸுக்கு அங்கேயே குழப்பம் ஆரம்பித்தது. பூட்டு இவ்வளவு சுலபமாகத் திறந்தால், திருடனுக்கே சந்தேகம் வரும் இல்லையா?

ஆனாலும் போனான். கொட்டகையில் குதிரைகள் ஓடின, தீப்பிடித்தது, வயலின்கள் வந்தன. எர்மெஸுக்கு இருபது வயசு குறைந்தது. அதாவது மனசில். இடுப்பில் இல்லை. இரண்டாவது வாரத்தில் நீவெஸும் ஒரு செய்தி சொன்னாள். புதன்கிழமை தோறும் முதுகுவலிக்கு உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டாளாம். வாண்டாவும் கூட வருகிறாளாம். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

மார்ச் மாதம் முதல் குண்டு விழுந்தது.

நீவெஸ் சமையலறையில் சீஸும் உருளைக்கிழங்கும் போட்டு அடை வார்த்துக்கொண்டிருந்தாள். வாய் ஏதோ முணுமுணுத்தது. எர்மெஸ் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தான். மூன்று அடி கேட்டதும் கை நின்றது. நான்காவது அடியில் உள்ளங்கால் சில்லிட்டது. அவள் முணுமுணுத்தது டிராகன் பாட்டின் பல்லவி. உலகத்தில் அவன் குழுவுக்கு மட்டுமே தெரிந்த பல்லவி.

"என்ன பாட்டு அது?"

"எது?"

"இப்ப முணுமுணுத்தியே."

"நானா? முணுமுணுத்தேனா?"

"ரேடியோவுல கேட்டியோ?"

"இருக்கும். ஏன், உனக்குத் தெரிஞ்ச பாட்டா?"

"எனக்கா! எனக்கு எப்படித் தெரியும்? நான் கேட்டதே இல்லையே! முதல்தடவையா கேக்கறேன்!"

"அதுக்கு ஏன் இப்படிக் கத்தற?"

எர்மெஸ் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். இதுதான் அவனுக்கு வாய்த்த இக்கட்டு. அந்தப் பாட்டு உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், எனக்குத் தெரியும் என்று ஆகும். எனக்குத் தெரியும் என்றால், நான் கோவிலுக்குப் போகவில்லை என்று ஆகும். தன் வீட்டில் தன் பாட்டைத் தன் மனைவி பாடுகிறாள், தன்னுடையது என்று சொல்ல முடியவில்லை. திருட்டுப் பொருளைத் திருட்டுக் கொடுத்தவன் போலீசுக்கா போவான்?

ராத்திரி முழுக்கப் புரண்டான். பாட்டு வீட்டுக்குள் எந்த வழியாக நுழைந்தது? லோரிஸ் பல்லைக் குடையும்போது விசில் அடித்திருப்பானோ? நீவெஸுக்குக் கடைவாயில் வலிகூட இல்லையே. அப்படியானால் ஃபுல்வியோ? ஃபுல்வியோவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஐம்பது வயசிலும் குடுமி வைத்திருக்கிறான். மழலைப் பள்ளிக் குழந்தைகளை பஸ்ஸில் ஏற்றி இறக்குவதும் அவன்தான். தினமும் காலையில் வாசலில் நீவெஸுக்குக் கையசைக்கிறான்!

இந்த நினைப்பு வந்ததும் எர்மெஸுக்குத் தூக்கம் போயிற்று. அடுத்த புதன்கிழமை நீவெஸ் வகுப்பு முடிந்து வந்து மேல்கோட்டைக் கழற்றினாள். தோளில் ஒரு வைக்கோல் துரும்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்றான் எர்மெஸ்.

"வைக்கோல்."

"உடற்பயிற்சி வகுப்புல வைக்கோலா?"

"அந்த டீச்சர் வைக்கோல் மேலதான் படுக்க வைக்கிறா. முதுகுக்கு நல்லதாம்."

"வைக்கோலா? முதுகுக்கா?"

"நீ ஏன் இவ்வளவு விசாரிக்கிற? நேத்து நீ வந்தப்ப உன் முதுகு பூராவும் வைக்கோல். நான் கேட்டேனா?"

"அது வந்து... கோவில்ல கிறிஸ்துமஸ் குடிலைப் பிரிச்சோம்."

"மார்ச் மாசத்துலயா?"

"ஃபாதருக்கு வயசாச்சு. மெதுவாத்தான் பிரிக்கிறார்."

"பாவம்" என்றாள் நீவெஸ். போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் முதுகு லேசாகக் குலுங்கியது போல இருந்தது. முதுகுவலியாக இருக்கும் என்று எண்ணினான்.

அடுத்த புதன்கிழமை கடைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு மனைவியைப் பின்தொடர்ந்தான். நீவெஸும் வாண்டாவும் பேசிக்கொண்டே நடந்தார்கள். ஃபுல்வியோவின் கொட்டகை இருக்கிற பக்கம் திரும்பவில்லை. நேரே போய்க் கோவிலை ஒட்டிய கூடத்துக்குள் நுழைந்தார்கள். எர்மெஸுக்கு ஒரு பக்கம் நிம்மதி. மறுபக்கம் தலை சுற்றியது. கோவில் கூடத்தில் வைக்கோல் ஏது? எட்டிப் பார்க்கலாம் என்று ஜன்னல் திண்டில் ஒரு காலை வைத்தபோது பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தொட்டது.

பங்குத் தந்தை தோன் ஒலிந்தோ.

"எர்மெஸ்! கோவிலுக்கு வாசல் அந்தப் பக்கம்."

"ஃபாதர்... நான் சும்மா... ஜன்னல் உறுதியா இருக்கான்னு..."

"ரொம்ப உறுதி. உன் மனைவிதான் சொன்னாள், நீ என் பாடகர் குழுவில் சேர்ந்திருக்கிறாயாமே?"

எர்மெஸின் காலடியில் பூமி பிளந்தது. "நீங்க என்ன சொன்னீங்க ஃபாதர்?"

"நான் பொய் சொல்ல முடியுமா? எர்மெஸ் என் குழுவில் ஒரு நாள்கூடச் சுருதி தப்பிப் பாடியதில்லை என்று சொன்னேன்."

"ஃபாதர்!" எர்மெஸுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "உங்க உதவியை மறக்கவே மாட்டேன்."

"நீ மறந்தாலும் மறக்காத ஒருத்தர் மேலே இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுத் தோன் ஒலிந்தோ கூடத்துக்குள் போனார். உடற்பயிற்சி வகுப்பில் பாதிரியாருக்கு என்ன வேலை என்று எர்மெஸுக்குப் பாதி வழியில்தான் தோன்றியது. அவருக்கும் முதுகுவலியாக இருக்கும்.

இதற்குள் இன்னொரு விபரீதம். நீவெஸ் அந்தப் பல்லவியை முணுமுணுப்பதை விடவில்லை. விடாததோடு மாற்றவும் ஆரம்பித்தாள். எர்மெஸ் போட்ட மெட்டு கடைசி அடியில் படிப்படியாக ஏறும். அவள் அதை முதலில் ஒரு படி இறக்கி, அங்கே ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்து நிறுத்தி, பிறகு ஒரே தாவாகத் தாவினாள். பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவே அதைக் கேட்ட எர்மெஸுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆத்திரமாகவும் வந்தது. ஏனென்றால் அது அவன் போட்ட மெட்டைவிட நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கொட்டகையில் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான். "எனக்கு ஒரு யோசனை. கடைசி அடியில நேரா ஏறாம, ஒரு படி இறங்கி, நின்னு, அப்புறம் தாவுவோம்."

பாடிக் காட்டினான். ஃபுல்வியோ லோரிஸைப் பார்த்தான். லோரிஸ் தன் பெடலைப் பார்த்தான்.

"இது உனக்கே தோணிச்சா?" என்றான் ஃபுல்வியோ.

"பின்ன? நேத்து ஷவருக்குள்ள நிக்கும்போது வந்துச்சு."

லோரிஸுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. வெளியே போய் இருமிவிட்டு வந்தான். வைக்கோல் தூசி ஒத்துக்கொள்ளவில்லையாம்.

ஏப்ரலில்தான் உண்மையான சோதனை வந்தது. பதினோராவது பாட்டு. ஒன்பது நிமிஷம் நாற்பது விநாடி. கடைசியில் வீரன் வாளை ஓங்குகிறான். டிரம்ஸ் தலைதெறிக்க ஓடுகிறது. அதற்கு மேலே பாடகன் ஒரே ஒரு உச்ச ஸ்வரத்தைப் பிடித்து நாலு ஆவர்த்தனம் நிற்க வேண்டும். இருபது வருஷத்துக்கு முன்னால் அந்த ஸ்வரம் எர்மெஸுக்குப் பக்கத்துவீடு. கூப்பிட்டால் வரும். இப்போது நாற்பத்தொன்பது வயசில் அது வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போயிருந்தது.

முதல் தடவை குரல் பாதியில் உடைந்தது. நாலாவது தடவை எண்ணெய் போடாத கீல் மாதிரி கிறீச்சிட்டது. பச்சை முட்டை குடித்தான். தேன் குடித்தான். தேனில் கிராப்பா சாராயம் ஊற்றிக் குடித்தான். தேன் தீர்ந்த பிறகு வெறும் கிராப்பாவைக் குடித்தான். பதினேழாவது தடவை வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

"இன்னிக்குப் போதும்டா" என்றான் ஃபுல்வியோ மெதுவாக. கிண்டல் பண்ணவில்லை. கிண்டல் பண்ணியிருந்தால் தாங்கியிருப்பான்.

மறுநாள் மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கண்ணாடி ஷவர் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முயன்றான். கூண்டுக்குள் எந்தக் குரலும் ஒன்றரை மடங்கு நன்றாகக் கேட்கும். அங்கேயும் எட்டவில்லை. கண்ணைத் திறந்தால், வெளியே ஒரு தம்பதி நின்றுகொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் கேட்டாள், "சத்தம் வராத மாடல் இருக்கா?"

அன்று வீட்டுக்கு வந்தபோது நீவெஸ் காய்கறிச் சூப்பை முன்னால் வைத்தாள்.

"நேத்துப் பயிற்சி கஷ்டமோ? முகமே சரியில்லையே."

"உம்."

"என்ன பாட்டு?"

"ஒரு... ஒரு சங்கீதம். பைபிள்ல வர்றது."

"உச்சத்துல பாடணுமா?"

"ரொம்ப."

"எட்டலையா?"

எர்மெஸ் சூப்பைக் கலக்கினான். அவள் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் அவனை என்னவோ செய்தது. "எட்டல நீவெஸ்" என்றான். நாலு மாசத்தில் அவளிடம் சொன்ன முதல் நிஜம் அது.

நீவெஸ் அவன் தலையில் கையை வைத்து முடியைக் கலைத்தாள். "சாப்பிடு. ஆறிடும்."

பத்து நாள் கழித்து ஃபுல்வியோ அவனைக் கொட்டகைக்குக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டினான். பதினோராவது பாட்டு ஓடியது. குதிரைகள், தீ, வயலின், பின்னால் இருபது முப்பது பேர் சேர்ந்து முழங்குகிற கோரஸ். வீரன் வாளை ஓங்கினான். அப்போது அந்த ஸ்வரம் வந்தது. கண்ணாடி மாதிரிச் சுத்தமாக, மலையுச்சியில் கொடி நட்ட மாதிரி, நாலு ஆவர்த்தனம் அசையாமல் நின்றது.

"யாருடா இது?" என்றான் எர்மெஸ்.

ஃபுல்வியோ குடுமியை அவிழ்த்துக் கட்டினான். "யாரு? நீதான். பதினேழாவது தடவை பாடினதை எடுத்துக் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் துடைச்சேன்."

"காத்துதானே வந்துச்சு?"

"காத்துக்குள்ள இருந்துச்சு."

எர்மெஸ் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து அழுதான். தன் குரல் தன்னை விட்டுப் போகவில்லை! அன்றிலிருந்து அவனைப் பிடிக்க முடியவில்லை. கடையில் குழாய் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தான். நல்ல பாடகர்கள் ஐம்பது வயசுக்கு மேல்தான் பழுப்பார்கள் என்று லோரிஸுக்கு ஒரு மணி நேரம் போதித்தான். லோரிஸ் வாயைத் திறக்கவில்லை. பல் டாக்டர் வாயைத் திறக்காமல் இருப்பதும் ஒரு குழப்பம்தான். ஆனால் எர்மெஸ் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

கோரஸ் பாடுவது யார் என்று மட்டும் ஒருமுறை கேட்டான். "உதினே டவுன்லேர்ந்து யாரோ" என்றான் ஃபுல்வியோ.

ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு, கோட்டை முற்றத்தில் ஆல்பம் வெளியீடு. வீட்டில் என்ன சொல்வது? எர்மெஸ் வியாழக்கிழமையே ஆரம்பித்தான்.

"சனிக்கிழமை எங்க பாடகர் குழு உதினேயில பாடுது. வர லேட்டாகும்."

"அப்படியா? எங்க உடற்பயிற்சி வகுப்பும் சனிக்கிழமை வெளியூர் போகுது. நானும் இருக்க மாட்டேன்."

எர்மெஸுக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. கடவுள் கோவிலுக்குப் போகாதவனுக்கு இவ்வளவு செய்கிறாரே, போகிறவனுக்கு என்னவெல்லாம் செய்வார் என்று நினைத்துக்கொண்டான்.

கோட்டை முற்றத்தில் முந்நூறு பேர். ஹங்கேரியிலிருந்துகூட ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள், கறுப்பு டி-ஷர்ட் போட்டு, தலைமுடி விரித்து. எர்மெஸ் தோல் பேண்ட்டுக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். பேண்ட் இருபது வருஷத்துக்கு முந்தியது. உள்ளே இருப்பவன் இப்போதையவன். மேடையில் புகை இயந்திரம் வெயிலில் புகையைக் கக்கியது. புகைக்குப் பின்னால், படிக்கட்டு போட்டு, கறுப்பு அங்கியும் முகத்தை மறைக்கும் முக்காடுமாக இருபது உருவங்கள் வரிசையாக ஏறி நின்றன.

"அது யாரு?"

"கோரஸ்" என்றான் ஃபுல்வியோ. "நேரடியாப் பாடட்டுமேன்னு கூப்பிட்டேன். நீ முன்னால பாரு."

பத்துப் பாட்டும் பறந்தன. பதினோராவது வந்தது. அப்போதுதான் எர்மெஸுக்கு உறைத்தது. மேடையில் கம்ப்யூட்டர் துடைக்காது! காற்றுக்குள் இருப்பதை இங்கே யார் எடுப்பார்கள்? ஓடிவிடலாமா என்று பார்த்தான். பேண்ட் ஓட விடாது. லோரிஸின் குதிரைகள் ஏற்கெனவே பாய்ந்துவிட்டன. சரி, பூனையோ சிங்கமோ, கத்திப் பார்ப்போம் என்று காலை அகட்டி நின்று, கண்ணை மூடி, வாயைத் திறந்தான்.

அவன் ஆரம்பிக்கும் முன்னாலேயே ஸ்வரம் வந்துவிட்டது.

சுத்தமாக, அசையாமல், மலையுச்சிக் கொடி மாதிரி. எர்மெஸ் ஒரு கணம் தான்தான் பாடுகிறேன் என்று நம்பினான். பிறகு நாக்கைத் தொட்டுப் பார்த்தான். வாயை மூடினான். ஸ்வரம் நிற்கவில்லை. திறந்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கூட்டம் கையைத் தூக்கிக்கொண்டு அலறியது. ஆனால் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவன் தலைக்கு மேலே பார்த்தார்கள்.

திரும்பினான். காற்றில் புகை விலகியது. மேல்படியில் நடுவே ஓர் உருவத்தின் முக்காடு நழுவி விழுந்தது. நீவெஸ். கண்ணை மூடி, முகத்தை வானத்துக்கு ஏந்தி, மூன்றாவது ஆவர்த்தனத்தில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் எதிர்வீட்டு வாண்டா, இரும்புக் கடைப் பூனை என்று சொன்ன அதே வாண்டா, வாயை அகலத் திறந்து முழங்கிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் தோன் ஒலிந்தோ இரண்டு கையையும் வீசித் தாளம் காட்டிக்கொண்டிருந்தார்.

டிராகன் செத்தது. எர்மெஸும் பாதி செத்தான்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஃபுல்வியோவின் பஸ்ஸுக்குப் பின்னால் மனைவியைப் பிடித்தான்.

"உடற்பயிற்சி வகுப்பா?"

"கோவில் பாடகர் குழுவா?"

எர்மெஸ் வேறு பக்கமாக வந்தான். "எப்பத் தெரியும் உனக்கு?"

"முதல் செவ்வாய்க்கிழமை. மஃப்ளரை மறந்துட்டுப் போனியே. கோவிலுக்கு எடுத்துட்டு வந்தேன். ஃபாதர், எர்மெஸ் இங்க இல்ல, பயிற்சியும் புதன்கிழமைதான், ஆனா ஒரு இடம் காலியா இருக்குன்னார். சேர்ந்துட்டேன். மூணாவது வாரம் ஃபுல்வியோ கோரஸ் கேட்டு வந்தான். பாட்டைப் போட்டுக் காட்டினான். பாட்டுக்குள்ள நீ கத்திக்கிட்டிருந்த. நடுவுல ஒரு புதன்கிழமை கொட்டகையிலயும் பாடிப் பார்த்தோம்."

"அப்ப வேணும்னேதான் என் முன்னால முணுமுணுத்தியா?"

"ஒரு நாளாவது உண்மையைச் சொல்லுவியான்னு பார்த்தேன். குடிலைப் பிரிச்ச."

"எனக்குத் தடை போட்டுட்டு நீ பாடறது நியாயமா? சத்தம் ஆகாதுன்னு சத்தியம் வாங்கினியே!"

"சத்தத்துக்கா தடை போட்டேன்? இருபத்திரண்டு வருஷமா அந்த ஸ்வரத்துல நீ மயிரிழை கீழ நிக்கற எர்மெஸ். சத்தத்தைத் தாங்கலாம். மயிரிழையை எத்தனை நாள் தாங்கறது?"

எர்மெஸ் தனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. ஹெட்போனில் கேட்டு அழுதானே, அந்தக் குரல் எதிரே நின்று கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தது. அன்று சூப்பைக் கொடுத்துவிட்டு இவள் கொட்டகைக்குப் போய்த் தனக்காகப் பாடியிருக்கிறாள், யாரிடமும் சொல்லாதே என்று ஃபுல்வியோவிடம் சத்தியமும் வாங்கியிருக்கிறாள் என்று புரிந்தது. "அருமையாப் பாடின" என்றான். அது இரண்டாவது நிஜம்.

அப்போது ஹங்கேரிக்காரன் ஒருவன் ஆல்பத்தையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு வந்தான். எர்மெஸ் கையெழுத்துப் போடக் கையை நீட்டினான். வந்தவன் பணிவாக, "கொஞ்சம் தள்ளிக்கங்க சார்" என்று சொல்லிவிட்டு நீவெஸிடம் கொடுத்தான்.

எர்மெஸ் சுதாரித்துக்கொண்டான். இங்கேதான் சாமர்த்தியம் வேண்டும். பெருந்தன்மையாகப் பேசினான். "சரி, நடந்தது நடந்துபோச்சு. கலைக்காக மன்னிக்கிறேன். இனிமே மேடையில முன்னால நான், பின்னால புகைக்குள்ள நீ. அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் நீ பாடு. குடும்ப ரகசியமா இருக்கட்டும்."

"அது இனிமே முடியாதே."

"ஏன்?"

"முன்வரிசையில ஜெர்மன்காரங்க உக்காந்திருந்தாங்க. அடுத்த ஆல்பத்துக்கு என்னை முன்னால நிக்கச் சொல்றாங்க. ஃபுல்வியோ சரின்னுட்டான். லோரிஸும் சரின்னுட்டான்."

"அப்ப நான்?"

"உன்னை விட்டுட்டுப் போவேனா? சண்டை போட்டு உனக்கும் இடம் வாங்கியிருக்கேன். கோரஸ்ல. கடைசி வரிசை, வாண்டாவுக்குப் பக்கத்துல."

எர்மெஸ் கொஞ்சம் நிமிர்ந்தான். கோரஸ் என்றாலும் பாட்டுத்தானே! ஆயிரம் பேர் முன்னால் அரைக் கட்டை ஏறலாமே! பேண்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டான். "எந்த ஸ்தாயியில பாடணும்? மேலயா, நடுவுலயா?"

நீவெஸ் அவன் காலரைச் சரிசெய்து, கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அதெல்லாம் உனக்கு எதுக்கு எர்மெஸ்? நீ வாயை மட்டும் அசை."